இலவச ஃபயர்வோலும் ஏற்றுக்கொள்ளாத வயர்லெஸ் கார்டும்

பெருநாள் வியாபாரத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில், ஒரு வியாழக்கிழமை முழுவதும் எமது கடையில் இன்டர்நெட் இல்லை. வெளியூர்க் கடைகளின் ஓடர்கள் வந்து சேரவில்லை. வங்கிக் கணக்கில் யார் பணம் போட்டார், யார் போடவில்லை என்று பார்க்க முடியவில்லை. வைரஸ் வரவில்லை, கேபிளும் அறுபடவில்லை. நாமே கையால் செய்துகொண்ட வேலை அது. அதே தவறை நீங்களும் செய்யாதிருக்க, நடந்ததையும் கற்றதையும் இந்த வாரம் எழுதுகிறேன்.

ஏன் ஃபயர்வோல்?

கடைக்கு வருகிற வாடிக்கையாளர்கள் வைஃபை கேட்கிறார்கள். கொடுத்தால் அவர்களின் போனும், எமது கணக்குப் புத்தகம் இருக்கும் கணினியும், கெமராப் பெட்டியும் ஒரே வலையில் கிடக்கும். கடன் கொடுத்தவர் விபரமெல்லாம் அந்தக் கணினியில்தான். கல்லாப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவது போன்ற வேலை இது.

இதைப் பிரித்து வைக்கத்தான் தீச்சுவர் எனப்படும் ஃபயர்வோல். பழைய கணினி ஒன்றில் இரண்டு நெட்வேர்க் கார்ட் போட்டு, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை ஏற்றினால் போதும். 2004 இல் தொடங்கப்பட்ட பிஎஃப்சென்ஸும், அதிலிருந்து பிரிந்து 2015 இல் வெளிவந்த ஓபிஎன்சென்ஸும் இவற்றில் பெயர் பெற்றவை. மருமகன் முதலாவதைப் போட்டார். அழகாக வேலை செய்தது.

பிறகுதான் ஆசை வந்தது. அந்தக் கணினியிலேயே வயர்லெஸ் கார்ட் ஒன்றைக் குத்தினால் வைஃபை பெட்டி தனியாக வாங்கத் தேவையில்லையே! குத்தினோம். திரையில் அப்படி ஒரு கார்ட் இருப்பதாகவே காட்டவில்லை.

"மாமா, கார்ட் பழுது போல. வேற ஒன்டு வாங்குவோமா?" என்றார் மருமகன். வாங்கினோம். அதுவும் தெரியவில்லை. இரண்டையும் வீட்டுக் கணினியில் போட்டுப் பார்த்தால் இரண்டுமே நல்ல கார்ட்கள்.

எங்கே பிழை?

விண்டோஸில் வேலை செய்யும் கார்ட் எங்கும் வேலை செய்யும் என்று நினைத்தது முதல் பிழை. இந்த இரண்டு ஃபயர்வோல்களும் விண்டோஸும் அல்ல, லினக்ஸும் அல்ல. ஃப்ரீ பீ.எஸ்.டி. என்ற வேறொரு இயங்குதளத்தின் மேல் நிற்பவை. அதற்கென்று எழுதப்பட்ட டிரைவர் இருந்தால்தான் கார்ட் உயிர் பெறும். கம்பி வழி நெட்வேர்க் கார்ட்களுக்கு அங்கே டிரைவர்கள் நன்றாகவே உண்டு. வயர்லெஸில்தான் எப்போதும் ஒரு படி பின்னால்.

இரண்டாவது பிழை பெரியது. எங்கிருந்தோ ஒரு டிரைவர் கோப்பை இறக்கி, கணினி தொடங்கும்போதே அது ஏறும்படி மருமகன் எழுதிவிட்டார். அது வேறொரு பதிப்புக்கு உரிய கோப்பு. பதிப்பு ஒத்துப்போகாதபோது சில வேளை டிரைவர் மட்டும் ஏறாது. சில வேளை இயந்திரமே எழும்பாது. எமக்கு வாய்த்தது இரண்டாவது. அமைப்புகளின் நகல் எங்கும் எடுத்து வைத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து போட ஒரு நாள் போயிற்று.

பரிசோதிக்கும் முறை

ஒழுங்காகப் பார்த்திருந்தால் அரை மணித்தியால வேலை. முறை இதுதான்.

1. முதலில் நகல் எடுங்கள். பிஎஃப்சென்ஸில் டயக்னொஸ்டிக்ஸ் பகுதியில் பெக்அப் பக்கம் உள்ளது. முழு அமைப்பும் ஒரே கோப்பாக இறங்கும். அதைப் பென் டிரைவில் போட்டு, அந்தக் கணினிக்கு வெளியே வையுங்கள்.

2. கார்ட் கண்ணில் படுகிறதா பாருங்கள். ஃபயர்வோலின் கறுப்புத் திரையில் 8 ஆம் இலக்கத்தைத் தெரிந்தால் கட்டளை எழுதும் இடம் வரும். அங்கே 'பிசிஐகொன்ஃப்' என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் எல், வீ என்ற இரு எழுத்துக்களும் சேருங்கள். உள்ளே இருக்கும் கார்ட்கள் எல்லாம் வரிசையாக வரும். யூ.எஸ்.பி. வகையென்றால் 'யூஎஸ்பிகொன்ஃபிக்'.

பட்டியலில் கார்ட் இல்லவே இல்லை என்றால் குறை வன்பொருளில். கழற்றித் திரும்பக் குத்துங்கள், வேறு துவாரத்தில் போடுங்கள், பயோஸில் அணைத்து வைத்திருக்கிறதா பாருங்கள். பட்டியலில் இருந்து, வரியின் தொடக்கத்தில் 'நன்' என்ற சொல்லும் ஓர் இலக்கமும் இருந்தால், கார்ட் நலம், டிரைவர்தான் இல்லை. எமது இரண்டு கார்டும் இப்படித்தான் நின்றன. இதை முதலே பார்த்திருந்தால் இரண்டாவதை வாங்கியிருக்க மாட்டோம்.

3. பெட்டியின் பெயரை நம்பாதீர்கள், சிப்பின் இலக்கத்தைப் பாருங்கள். அதே வரியில் தயாரிப்பாளர் இலக்கம் இருக்கும். 168சீ என்றால் அதெரொஸ், 8086 என்றால் இண்டெல், 14ஈ4 என்றால் ப்ரோட்கொம், 10ஈசீ என்றால் ரியல்டெக். ஒரே பெட்டி, ஒரே மொடல் பெயர், ஆனால் இரண்டாவது பதிப்பில் உள்ளே வேறு சிப் என்பது இந்தச் சாமானில் சர்வசாதாரணம். அந்த இலக்கத்தை உங்கள் ஃபயர்வோல் நிற்கும் ஃப்ரீ பீ.எஸ்.டி. பதிப்பின் வன்பொருள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

4. டிரைவர் இருந்தும் ஏறாவிட்டால் தொடக்கச் செய்திகளை வாசியுங்கள். 'டீமெசேஜ்' போல உச்சரிக்கும் கட்டளை ஒன்று உண்டு. டீ, எம், ஈ, எஸ், ஜீ என்று ஐந்து எழுத்து. பழைய இண்டெல் கார்ட்கள் சில, உரிம ஒப்புதல் வரி ஒன்றை எழுதிக் கொடுக்கும்வரை வேலை செய்யா. அந்த வரியைப் பெயரின் கடைசியில் 'லோக்கல்' என்று முடியும் லோடர் கோப்பில் எழுதுங்கள். மற்ற லோடர் கோப்பை ஃபயர்வோல் தானே திருப்பி எழுதிவிடும்.

5. கார்ட் உயிர் பெற்றாலும் வைஃபை பரப்புமா என்று பாருங்கள். வேறொரு வைஃபையில் போய் இணைவது ஒரு வேலை. தானே வைஃபை கொடுப்பது இன்னொரு வேலை; இதற்கு ஹோஸ்ட் ஏபி என்று பெயர். இண்டெல் கார்ட்களை இந்த இரண்டாவது வேலைக்கு நம்ப வேண்டாம். அதெரொஸின் பழைய ஏஆர்9280 போன்ற சிப்கள் செய்யும். ஆனால் அவை பழைய 'என்' தரத்து வேகம். 2025 ஜூனில் வந்த ஃப்ரீ பீ.எஸ்.டி. 14.3 இல்தான் புதிய இண்டெல் டிரைவருக்கு 'என்', 'ஏசி' வேகங்கள் கிடைத்தன. அதுவும் இணைகின்ற வேலைக்கு.

வியாபாரிக்கு ஏற்ற வழி

இத்தனையும் படித்த பிறகு நாம் செய்தது என்ன? இரண்டு கார்டையும் மேசை லாச்சியில் போட்டுவிட்டு, சாதாரண வைஃபை ரவுட்டர் ஒன்றை ஃபயர்வோலின் மூன்றாவது கம்பித் துவாரத்தில் செருகினோம். டிரைவர் தேடும் தலையிடியே இல்லை. கவனிக்க வேண்டியவை மூன்று.

ரவுட்டரின் லேன் துவாரத்தில் கேபிளைச் செருகுங்கள், வேன் துவாரத்தில் அல்ல. ரவுட்டர் முகவரி பகிரும் டீஎச்சிபீயை அணைத்து, அந்த வேலையை ஃபயர்வோலிடம் விடுங்கள். ரவுட்டரின் சொந்த முகவரி, ஃபயர்வோலின் முகவரியோடு மோதாதபடி மாற்றுங்கள்.

பிறகு விதிகள். புதிய துவாரத்துக்கு விதி எதுவும் எழுதாவிட்டால் அதன் வழியாக எதுவும் போகாது. ஆகவே முதலில் கடை வலைக்குப் போவதைத் தடுக்கும் விதி, அடுத்து ஃபயர்வோலின் நிர்வாகப் பக்கத்தைத் தடுக்கும் விதி, கடைசியாக மற்றதெல்லாம் போகலாம் என்ற விதி. மேலிருந்து கீழாகத்தான் வாசிக்கும். முதலில் பொருந்துவதே செல்லும். ஒழுங்கு மாறினால் பூட்டைத் தொங்கவிட்டுக் கதவைத் திறந்து வைத்த கதைதான். எழுதி முடித்ததும் உங்கள் போனை அந்த வைஃபையில் இணைத்து, கெமராப் பெட்டியைத் திறக்க முடிகிறதா என்று நீங்களே பாருங்கள். திறக்கக் கூடாது.

மென்பொருள் இலவசம் என்பது உண்மை. எமது வியாழக்கிழமை இலவசம் அல்ல. ஒரு ரவுட்டரின் விலையை மிச்சம் பிடிக்கப் போய், இரண்டு கார்டின் காசையும் ஒரு நாள் வியாபாரத்தையும் இழந்தோம். சாமான் வாங்குமுன் சந்தை விசாரிக்கிற நாம், கார்ட் வாங்குமுன் அந்த ஒரு பட்டியலையும் விசாரித்தால் போதும். மருமகனும் இப்போது திருந்திவிட்டார்: "மாமா, முதல்ல பெக்அப் எடுத்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்தக் கணினியில் கை வைக்கிறார்.