பட்டா யாரு பேர்லீங்க?

கரூரில் திரைச்சீலை, மேசை விரிப்பு ஏற்றுமதி செய்யும் ஒருவருக்கு நான்தான் இணையதளம் போட்டுக் கொடுத்தேன். ஹோஸ்டிங் எடுத்தால் முதல் வருடம் டொமைன் இலவசம் என்றது ஒரு நிறுவனம். ஒரே பில், ஒரே லாகின். யோசிக்காமல் வாங்கினேன். மூன்று வருடம் ஒரு தொல்லையும் இல்லை.

நான்காம் வருடம் ஒரு வெள்ளிக்கிழமை தளம் படுத்துவிட்டது. நிறுவனத்தில் போனை யாரும் எடுக்கவில்லை. எனக்குப் பெரிய பதற்றமில்லை. முழு பேக்கப் என் லேப்டாப்பில் இருந்தது. வேறோர் இடத்தில் ஹோஸ்டிங் எடுத்து எல்லாவற்றையும் ஏற்றி முடித்தேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. டொமைனைப் புது சர்வர் பக்கம் திருப்ப நேம் சர்வரை மாற்ற வேண்டும். மாற்றும் பக்கமோ, படுத்துக்கிடந்த அதே நிறுவனத்தின் தளத்துக்குள் இருந்தது.

டொமைன் யார் பேரில் என்று காட்டும் ஹூயிஸில் தேடிப் பார்த்தேன். உரிமையாளர் என்ற இடத்தில் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கரூர் முதலாளி கேட்டார்: "அப்ப பட்டா யாரு பேர்ல இருக்குதுங்க தம்பி?" கம்ப்யூட்டர் தெரியாதவர், ஆனால் நிலம் வாங்கி விற்றவர். என்னிடம் பதில் இல்லை.

தளம் இல்லாதது அவருக்குப் பொருட்டே இல்லை. மெயில்தான் பிரச்சினை. ஜெர்மனியில் இருக்கும் பையர் சாம்பிளுக்குப் பதில் எழுத வேண்டிய வாரம் அது. மெயில் பெட்டியும் அதே சர்வரில் இருந்தது. நம் சர்வர் கிடைக்காவிட்டால் அனுப்பியவரின் சர்வர் உடனே கைவிடாது. பெரும்பாலும் நான்கைந்து நாள் வரை விட்டு விட்டு முயலும், பிறகு கடிதத்தைத் திருப்பிவிடும். அந்த நாட்களை எண்ணிக்கொண்டே கிடந்தேன்.

டாட் காம் பெயர்களின் மூலப் பதிவேடு வெரிசைன் நிறுவனத்திடம் இருக்கிறது. அதன் கீழே, டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ரெஜிஸ்ட்ரார்கள். சிறிய ஹோஸ்டிங் நிறுவனங்கள் பல, இந்த ரெஜிஸ்ட்ரார்களிடம் வாங்கி விற்கும் ரீசெல்லர்கள்தான். எங்கள் ரெஜிஸ்ட்ரார் யார் என்பதும் ஹூயிஸில் இருந்தது. எழுதினேன். பதிவில் உள்ளவர் கேட்டால்தான் செய்வோம் என்றார்கள். எரிச்சலாக இருந்தாலும் அவர்கள் சொன்னது சரிதான். யார் கேட்டாலும் கொடுப்பார்கள் என்றால் திருடனும் கேட்பானே.

ஆறாம் நாள் நிறுவனம் உயிர்பெற்றது. அன்று மாலையே நேம் சர்வரை மாற்றினேன். மெயில் வரத் தொடங்கியது. அதுவரை திரும்பிப் போன கடிதங்கள் எத்தனையென்று யாருக்கும் தெரியாது.

அதன் பிறகு நான் செய்த தவறுக்கு வேறு யாரையும் சொல்ல முடியாது. முதலில் டொமைனை முதலாளி பெயருக்கு மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். அடுத்து வேறு ரெஜிஸ்ட்ராருக்குக் கொண்டுபோகப் பார்த்தால் பூட்டு. டாட் காம் போன்றவற்றில் உரிமையாளர் விவரத்தை மாற்றினால் 60 நாள் இடம் மாற்ற முடியாது. அந்தப் பூட்டு வேண்டாமென்று முன்கூட்டியே சொல்ல சில ரெஜிஸ்ட்ரார்கள் வழி தருகிறார்கள். நான் கேட்கவே இல்லை. அந்த 60 நாளும் நேம் சர்வரை மாற்றத் தடையில்லை, அதனால் வேலை நின்றுபோகவில்லை. இப்போதெல்லாம் யாராவது கேட்டால், பழைய ஆள் ஒத்துழைக்கும்போதே முதலில் இடத்தை மாற்றுங்கள், பெயரைப் பிறகு பார்க்கலாம் என்கிறேன்.

அன்றிலிருந்து டொமைன் ஓரிடம், ஹோஸ்டிங் ஓரிடம். ரெஜிஸ்ட்ராரைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் வருட விலையை நான் பார்ப்பதே இல்லை. இரண்டாம் வருட ரினியூவல் எவ்வளவு என்று பார்ப்பேன். 99 ரூபாய் விளம்பரத்தின் வண்டவாளம் அங்கேதான் இருக்கும். இடம் மாற்றத் தேவைப்படும் ஆத் கோடை நாமே பேனலில் எடுத்துக்கொள்ள முடிகிறதா, டிக்கெட் போட்டுக் காத்திருக்க வேண்டுமா என்பது அடுத்தது. நேம் சர்வரை இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாமா என்றும் பார்க்க வேண்டும். கிளவுட்ஃப்ளேர் லாபம் வைக்காமல் அடக்க விலைக்கே தருகிறது. ஆனால் அங்கே பதிந்த டொமைனுக்கு அவர்களுடைய நேம் சர்வரைத்தான் பயன்படுத்த வேண்டும். எனக்கு அது சரிப்படும், எல்லாருக்கும் சரிப்படாது. பெரிய பெயர் என்று மயங்கவும் வேண்டாம். கூகுள் தன் டொமைன் வியாபாரத்தை 2023இல் ஸ்க்வேர்ஸ்பேஸுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டது.

ரெஜிஸ்ட்ரார் கணக்குக்கு அதே டொமைனின் மெயில் முகவரியைக் கொடுக்காதீர்கள். டொமைன் முடங்கினால் பாஸ்வேர்டை மீட்கும் கடிதம் அந்த முடங்கிய பெட்டிக்கே போகும். சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

காலாவதி ஆவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் ரெஜிஸ்ட்ரார் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது ஐகான் விதி. பதிவில் ஹோஸ்டிங்காரர் முகவரி இருந்தால் நினைவூட்டலும் அவருக்கே. தவறவிட்டால் ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம் கிடைக்கலாம். அதன் பிறகு 30 நாள், கனமான அபராதம் கட்டி மீட்கலாம். கடைசியாக 5 நாள், அப்போது யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு பெயர் சந்தைக்கு வந்துவிடும்.

பொழுதுபோக்குக்கு எழுதும் தளத்துக்கோ, கல்யாண அழைப்புக்கென்று ஆறு மாதம் ஓடும் பக்கத்துக்கோ இவ்வளவு பாடு தேவையில்லை. இரண்டும் ஓரிடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

இடம் பெயரும்போது இன்னொன்று. நேம் சர்வரைத் தொடும் முன் பழைய டிஎன்எஸ் பதிவுகள் அத்தனையையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், முக்கியமாக மெயிலுக்கான எம்எக்ஸ் பதிவுகளை. ஒருமுறை அதை விட்டுவிட்டு, தளம் ஓடுகிறதே என்று ஒரு பகல் முழுக்கச் சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

61ஆம் நாள் கரூர் டொமைனை மாற்றினேன். மாற்றக் கட்டிய பணத்துக்கு ஒரு வருடம் கூடுதலாகச் சேர்ந்தது. முதலாளி ஹூயிஸ் பக்கத்தை பிரின்ட் எடுத்துத் தரச் சொன்னார். தன் பெயரைத் தேடிப் பார்த்தார். பிரைவசி போட்டிருந்ததால் பெயர் மறைந்திருந்தது. அதை அவருக்கு விளக்க இன்னொரு டீ ஆயிற்று.