மூலநிரலிலிருந்து கட்டுவோர்க்கு

மாக் கணினியில் ஹோம்ப்ரூ வாயிலாக ஒரு திறமூல மென்பொருளை மூலநிரலிலிருந்தே கட்ட முனைந்து, அது பாதியில் பிழையென்று நின்றுவிடும்போது, அதே கட்டளையை மீண்டும் மீண்டும் தட்டிக் காலத்தை விரயம் செய்வதைவிட, ‘ப்ரூ இன்ஸ்டால்’ என்பதுடன் ‘--பில்ட்-ஃப்ரம்-சோர்ஸ்’, ‘--டீபக்’ என்னும் இரண்டையும் சேர்த்து இயக்குவதே உத்தமம். பிழை நேர்ந்த இடத்திலேயே காரியம் நின்று, மேலே என்ன செய்வதென்று வினவப்படும். ‘ஷெல்’ என்பதைத் தேர்ந்தால், கம்பைலர் அமைப்புகள் யாவும் ஹோம்ப்ரூ வகுத்தபடியே இருக்கும் தற்காலிகக் கோப்புறைக்குள் பிரவேசிக்கலாம். அங்கே ‘கான்ஃபிக்.லாக்’ என்னும் பதிவுக்கோப்பு இருக்குமாயின் அதன் கடைசி வரிகளில் மயங்க வேண்டாம். அவை வெறும் மாறிகளின் பட்டியல். அதற்குச் சற்று மேலே, தோல்வியுற்ற சிறு சோதனை நிரலும் கம்பைலர் சொன்ன காரணமும் அப்படியே பதிவாகியிருக்கும். பெரும்பாலும், கிடைக்காத ஏதோவொரு ஹெடர் கோப்பின் பெயர் அங்கேதான் அகப்படும். ஆய்வு முடிந்தபின்னும் தற்காலிகக் கோப்புகள் அழியாதிருக்க விரும்புவோர், ‘--கீப்-டிஎம்பி’ (--keep-tmp) என்பதையும் முன்கூட்டியே சேர்த்துக்கொள்க.