கொடுமுடியும் நாகூரும்: மேடைக் குரல்கள் இரண்டு

இயல், இசை, நாடகம் என முத்தமிழை வாயாரப் புகழ்கிறோம். ஆனால் தமிழ்த் துறைகளின் பாடத்திட்டத்தில் இயலுக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஏனைய இரண்டிற்கும் கிடைத்ததில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை நடத்தும்போது இசையாசிரியன் அமைதியையும் யாழாசிரியன் அமைதியையும் விரிவாக விளக்குகிறோம். அதே மரபின் கடைசிக் கண்ணிகளாக நம் பாட்டன் பாட்டிமார் காலத்தில் ஊர் ஊராகச் சென்று பாடியவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னால் மாணவர் திகைக்கின்றனர். சபைகளில் பாடியவர்களுக்கு வரலாறு எழுத ஆட்கள் உண்டு. கொட்டகைகளிலும் திடல்களிலும் பொதுமக்களுக்குப் பாடியவர்களை 'சினிமாக்காரர்', 'கட்சிப் பாடகர்' என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். அங்ஙனம் ஒதுக்கப்பட்டோருள் இருவரை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஒருவர் நம் கொங்கு மண்ணின் மகள் கே. பி. சுந்தராம்பாள். மற்றவர் இசைமுரசு நாகூர் இ. எம். ஹனிபா.

காவிரிக் கரையில், ஈரோட்டிலிருந்து கரூர் செல்லும் இருப்புப் பாதையில் அமைந்த ஊர் கொடுமுடி. தேவாரம் பெற்ற கொங்கு நாட்டுத் தலங்கள் ஏழனுள் ஒன்றாகிய பாண்டிக்கொடுமுடி இதுவே. 1908ஆம் ஆண்டு சுந்தராம்பாள் இவ்வூரில் பிறந்தார். இன்று ஈரோடு மாவட்டத்தில் இருப்பினும், 1979இல் புதிய மாவட்டம் பிரிக்கப்படும் வரை இது கோவை மாவட்டத்து ஊரே. அம்மையார் மறைந்தது 1980இல். ஆகவே ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் அவர் கோவை மாவட்டத்தவராகவே வாழ்ந்தார் எனலாம். அவர் பெயரின் முதலெழுத்துகளும் கருதத்தக்கன. 'கே' என்பது கொடுமுடி. 'பி' என்பது தாயார் பாலாம்பாள். தந்தை பெயரன்றித் தாய் பெயரையே முதலெழுத்தாகத் தாங்கி நாடறிந்தவர் அவர். வறுமையில் வளர்ந்த குழந்தை, பாடும் திறமொன்றையே முதலாகக் கொண்டு, சிறுவயதிலேயே வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்ந்தது.

அக்கால 'ஸ்பெஷல் நாடகம்' இன்னதென்று இன்றைய மாணவர் அறிந்தால்தான் இவ்வம்மையாரின் பயிற்சி எத்தகையது என்பது விளங்கும். ஒரே குழுவைச் சேராத நடிகர்கள், வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, ஓர் இரவுக்கு மட்டும் ஒன்றுகூடி நடிப்பது ஸ்பெஷல் நாடகம். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) யாத்த வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய நாடகங்கள் அனைவர்க்கும் மனப்பாடம். அதுவே ஒத்திகைக்கு ஈடு. பாட்டும் விருத்தமும் பாடிய பின், மேடையிலேயே ஒருவரை ஒருவர் மடக்கும் தர்க்கம் நடைபெறும். வேடனாக வருபவர் எதைக் கேட்பார் என்பது வள்ளியாக வருபவருக்கு முன்கூட்டித் தெரியாது. தமிழும் தாளமும் நாவில் நிற்காதவர் அவ்வரங்கில் ஒரு நாழிகையும் நிற்க இயலாது. இதனை நான் ஒரு வாய்மொழிப் பல்கலைக்கழகம் என்றே கருதுகிறேன்.

மற்றொன்று குரல். ஒலிபெருக்கி பரவாத காலம் அது. இரவு முழுதும் நடக்கும் நாடகத்தில், கொட்டகையின் கடைசி வரிசையில் மண் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் விளங்க வேண்டும். ஆகவே உயர்ந்த சுருதியில் பாடினர். சுருதியைக் 'கட்டை' என அளப்பது ஆர்மோனியக் கட்டைகளை எண்ணி வந்த வழக்கு. நாடக மேடையில் ஐந்து கட்டைச் சுருதி பெருமைக்குரியதாக இருந்தது. குரல் மேலே ஏறினால் போதாது. ஏறிய இடத்தில் எழுத்து சிதையாமலும் இருக்க வேண்டும். சுந்தராம்பாளின் பாட்டில் வல்லினம் வல்லினமாகவும் ழகரம் ழகரமாகவும் ஒலிப்பதற்கு இத்தேவையே காரணம். உச்சரிப்பு அவருக்கு அலங்காரமன்று, பிழைப்புக்கான கருவி.

1920களில் அவர் இலங்கைக்கும் சென்று நடித்துப் புகழ் பெற்றார். 1926இல் கொழும்பில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து மேடையேறினார். கிட்டப்பா 1906இல் பிறந்தவர். தமிழ் நாடக மேடை கண்ட மிகப் பெரிய குரல்களுள் ஒன்று அவருடையது. 1927இல் இருவரும் மணம் புரிந்தனர். கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவி இருந்தார். இல்வாழ்வு நிலைக்கவில்லை, பிரிவு நேர்ந்தது. 1933 டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா தம் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது இருபத்தைந்து. அன்று முதல் வெள்ளையாடை உடுத்தினார். எந்த ஆண் நடிகருக்கும் இணையாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார்.

இவ்வுறுதியைத் தனிப்பட்ட துயரத்தின் அடையாளமாக மட்டும் பலர் கண்டுள்ளனர். தமிழ் பயில்வோர் இதில் வேறொன்றைக் காணலாம். காதலியாக நடிக்க மறுத்த ஒரு பெண்ணுக்குத் திரையில் என்ன வேடம் எஞ்சும்? 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேடம் பூண்டு நந்தனாராகவே நடித்தார். சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். 1940இல் மணிமேகலை. 1953இல் எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனத்தார் எடுத்த 'ஔவையார்'. 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவை. 1973இல் காரைக்கால் அம்மையார். இவற்றை வரிசையாக வைத்து நோக்குக. தமிழ் இலக்கியம் போற்றும் துறவுப் பெண்டிர் அனைவரும் ஒருவர் உருவிலேயே திரைக்கு வந்துவிட்டனர்! ஔவை என்றதும் இன்றும் பொதுமக்கள் மனத்தில் எழும் முகமும் குரலும் எவருடையவை? நூல்கள் தராத உருவத்தை ஒரு பாடகியின் விரதம் தந்திருக்கிறது.

'நந்தனார்' படத்திற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். இந்தியத் திரையுலகில் அத்தொகை பெற்ற முதற் கலைஞர் அவரே என்பர். நடிக்க மனமில்லாத நிலையில், தயாரிப்பாளர் மறுத்துவிடுவார் என்றெண்ணியே அத்தொகையைக் கேட்டார் என்றும், தயாரிப்பாளர் அசந்தாஸ் தயங்காமல் இசைந்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. ஒரு பவுன் முப்பது ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலம் அது. அவ்வகையில் மூவாயிரம் பவுனுக்கு மேற்பட்ட தொகை. படத்தை எழுத்தாளர் கல்கி கடுமையாக எள்ளினார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

விடுதலை இயக்கக் காலத்தில் சத்தியமூர்த்தி முதலியோரின் தூண்டுதலால் காங்கிரசு மேடைகளில் அம்மையார் பாடினார். பாட்டுக்காகக் கூடிய கூட்டம் பேச்சையும் கேட்டுச் சென்றது. 1950களில் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்றத்துள் நுழைந்த முதல் திரைக் கலைஞர் என அவரைக் குறிப்பர். 1969இல் வெளியான 'துணைவன்' படத்திற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றபோது அவர் அறுபதைக் கடந்தவர். அப்படத்தைத் தயாரித்தவர் நம் கோவையைச் சேர்ந்த சாண்டோ சின்னப்பா தேவர். 1970இல் பத்மஸ்ரீ விருது வந்தது. தம் ஊரில் தம் பெயரால் ஒரு திரையரங்கும் கட்டினார்.

இடையே நம் நகரத்தைப் பற்றி ஒரு சொல். காந்திபுரத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவர், அங்கிருந்து சிங்காநல்லூருக்கோ புலியகுளத்துக்கோ செல்லும்போது தமிழ்த் திரையிசையின் ஒரு கருவறை வழியே செல்கின்றனர் என்பதை அறிய வேண்டும். சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜா ஸ்டுடியோவும் இங்கே இயங்கின. எஸ். எம். சுப்பையா நாயுடுவிடம் பணியாற்றி இசை கற்ற இளைஞர்தாம் பின்னாளைய எம். எஸ். விசுவநாதன். மதுரையிலிருந்து வந்த டி. எம். சௌந்தரராஜன் முதன்முதலாகப் பின்னணி பாடிய 'கிருஷ்ண விஜயம்' (1950) இங்கு உருவானதே. ஒலிவாங்கிக்கு முன் மெல்லப் பாடினாலும் போதும் என்ற புதிய கலை இந்நகரத்து ஸ்டுடியோக்களிலும் வளர்ந்தது. மேடைக் குரலின் காலம் முடிந்தது என்றே அப்போது தோன்றியிருக்கும்.

அது முடியவில்லை என்பதற்குச் சான்று ஹனிபா. 1925 டிசம்பர் 25ஆம் நாள் இராமநாதபுரம் பகுதியில் பிறந்து, நாகூரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர். முறையான சங்கீதப் பயிற்சி இல்லை. ஆயினும் கணீரென்ற அக்குரலுக்கு ஒலிபெருக்கி தேவையா என்றே கேட்போர் ஐயுறுவர். 'இசைமுரசு' என்ற பட்டம் வேறெவர்க்கும் பொருந்தாது. குணங்குடி மஸ்தான் சாகிபு போன்றோரின் பாடல் மரபு புலவர் வட்டத்திலும் தர்கா முற்றத்திலும் வழங்கி வந்தது. மீலாது விழா மேடைகளிலும், இசைத்தட்டிலும், பின்னர் ஒலிநாடாவிலும் இசுலாமியத் தமிழ்ப் பாட்டைத் தமிழர் அனைவர் செவிக்கும் கொண்டு சேர்த்ததில் முதலிடம் ஹனிபாவுக்கே. ஆர். அப்துல் சலாம் இயற்றி அவர் பாடிய, இறைவனிடம் இரந்து கேட்கச் சொல்லும் பாடலைப் பிற சமயத்தார் தம் பாடலாகவே ஏற்றுப் பாடுகின்றனர். 'பாவ மன்னிப்பு' (1961) படத்தில் சௌந்தரராஜனுடனும், 'செம்பருத்தி' (1992) படத்தில் இளையராஜா இசையிலும் பாடினார். எனினும் திரை அவருக்கு ஓர் ஓரம், திடலே மையம். 2015 ஏப்ரல் 8ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

நம் சமுதாயப் பெரியோருள் சிலர் இசையைக் குறித்துத் தயக்கம் கொண்டிருந்ததும், இன்றும் கொண்டிருப்பதும் மறைக்கத்தக்கதன்று. அத்தயக்கத்துக்கு மார்க்க அடிப்படையில் காரணம் காட்டுவோர் உளர். அதனை இங்கு ஆராய்வதற்கில்லை. ஒன்றை மட்டும் சுட்டலாம்: நபிகள் நாயகத்தின் வரலாற்றுச் செய்திகளை எழுத்தறியாத் தாய்மாருக்கும் தமிழில் மனப்பாடமாக்கியது அக்குரல்.

இவ்விருவரையும் ஒருங்கே வைக்கக் காரணம் ஓங்கிய குரல் மட்டுமன்று. இருவரும் ஆழ்ந்த இறைப்பற்றுடையவர். இருவரும் அரசியல் மேடையில் பாடியவர். இருவரும் மேலவை உறுப்பினராயினர். ஹனிபா இளமை முதலே திராவிட இயக்கத்தவர். பகுத்தறிவு பேசிய மேடையில் ஐவேளைத் தொழுகையாளர் ஒருவர் இயக்கத்தின் குரலாகப் பல்லாண்டு நின்றார். அதற்காகத் தொழுகையையும் விடவில்லை, இயக்கத்தையும் விடவில்லை. சுந்தராம்பாள் காங்கிரசுக்காரர், முருகபக்தர். 'பூம்புகார்' படத்துக்கு உரையாடல் எழுதியவரோ மு. கருணாநிதி. அப்படப் பாடலொன்றில் தெய்வத்தின் நீதியை ஐயுறும் ஓரடி வந்தபோது அம்மையார் பாட மறுத்தார் என்றும், அவ்வடி மாற்றப்பட்ட பின்னரே பாடினார் என்றும் கூறுவர். சைவ நெறிப் பெண்மணி ஒருவர், சமண முனிவர் வேடத்தில், பகுத்தறிவாளர் எழுதிய படத்தில் பாடுகிறார். தமக்கு ஒவ்வாத ஒரு சொல்லை மட்டும் மாற்றச் சொல்கிறார். எழுதியவரும் மாற்றித் தருகிறார். கொள்கை வேறுபட்டோர் கூடிப் பணியாற்றும் முறைக்கு இதனினும் தெளிவான உரை எந்நூலிலும் நான் கண்டதில்லை.

இவர்களை ஆராய விரும்பும் மாணவர்க்கு மூலங்கள் விரைந்து அழிந்து வருகின்றன. அரக்கால் செய்த பழைய இசைத்தட்டுகள் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிட அளவே பாடும். கீழே விழுந்தால் நொறுங்கும். நாடகக் கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்களின் தாள் தொட்டால் உதிர்கிறது. மீலாது மேடைப் பதிவுகள் அடங்கிய ஒலிநாடாக்கள் பல வீடுகளில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. தம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இத்தகையன இருப்பின், துடைக்கும் முன் உறையையும் முகப்புச் சீட்டையும் படமெடுத்து, இசைத்தட்டின் எண், பாடியவர், இயற்றியவர், உடனிசைத்தோர் பெயர்களைப் படியெடுத்து வைத்துக்கொள்க. இயற்றியவர் பெயர் பெரும்பாலும் அம்முகப்புச் சீட்டில் மட்டுமே இருக்கும்.