உடம்புக்கு ரெண்டு ஸ்க்ரப்: கல் உப்பில் ஒன்று, பயறில் ஒன்று

தங்கச்சி, ஆரோவில்லுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து முழங்கையும் குதிகாலும் சொரசொரவென்று கிடக்கிறது என்கிறாய். குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி ரோட்டில் தினமும் ஸ்கூட்டியில் போய்வந்தால் செம்மண் புழுதி ஒட்டத்தான் செய்யும். அதோடு உப்புக்காற்றும் வியர்வையும் சேர்கிறது. இதற்காகப் பாண்டிச்சேரி கடைகளில் சின்ன டப்பாவுக்குப் பெரிய விலை கொடுக்காதே. மரக்காணத்து உப்பு அம்பாரங்களை ஈ.சி.ஆர். பஸ்ஸில் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நீ.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளச் சுமார் 4 வாரம் ஆகும். பழைய செதில்கள் தானாக உதிரும். உதிராமல் ஒட்டிக்கொண்டிருப்பதை மட்டும் எடுத்துவிடத்தான் ஸ்க்ரப். அது உன் நிறத்தை மாற்றாது, மாற்றவும் வேண்டாம். எரிகிற அளவுக்குத் தேய்த்தால் நல்ல தோலையும் சேர்த்து உரிக்கிறாய் என்று அர்த்தம். அதனால் சாமான் பட்டியலைவிடத் துகளின் அளவும் கையின் அழுத்தமும்தான் முக்கியம்.

உப்பு ஸ்க்ரப்: கை, கால், முதுகுக்கு

தேவையானவை: பொடித்த கல் உப்பு 1 கப், நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் அரை கப். அவ்வளவுதான்.

• சமையலுக்கு விற்கும் சுத்தமான கல் உப்பையே வாங்கு. உப்பளத்து அம்பாரத்திலிருந்து நேராக அள்ளி வந்ததில் மண்ணும் தூசும் இருக்கும்.

• கல் உப்பில் கொஞ்சம் மெக்னீசியம் உப்பும் கலந்திருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுப்பதால்தான் ஐப்பசி, கார்த்திகையில் உப்பு ஜாடி கசிகிறது. வெயிலில் ஒரு பகல் காயவை. மழைக்காலமென்றால் வெறும் வாணலியில் லேசாகச் சூடுகாட்டி ஆறவை.

• மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டு. சன்ன ரவை அளவு வந்ததும் நிறுத்து. சல்லடையில் சலித்து, மேலே தங்கும் பெரிய துகளைக் குழம்புக்குப் போட்டுவிடு. உப்புப் படிகம் கனசதுரமாக இருக்கும்; பெரிதாக இருந்தால் அதன் கூர்முனை தோலைக் கீறும்.

• எண்ணெய் ஊற்றி ஈரமில்லாத ஸ்பூனால் கிளறு. உப்பு எண்ணெயில் கரையாது, அதனால் துகள் அப்படியே நிற்கும். காய்ந்த கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடிவை. தண்ணீர் படாதவரை கெடாது. எண்ணெயில் சிக்கு வாடை வந்தால் கொட்டிவிடு. ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் செய்தால் அந்தப் பிரச்சினையே வராது.

தேய்க்கும் முறை

முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் 5 நிமிடம் உடம்பை நனை, தோல் ஊறட்டும். ஈரத்தோலில் வைத்ததும் உப்பின் முனைகள் கரைந்து மழுங்க ஆரம்பிக்கும். காய்ந்த தோலில் தேய்த்தால் அந்த முனைகளே குத்தும். 2 அல்லது 3 ஸ்பூன் எடுத்து விரல் நுனியால் வட்டமாகத் தேய். ஒரு இடத்துக்கு அரை நிமிடம் போதும். முழங்கை, முட்டி, குதிகாலில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். வாரம் ஒரு நாளுக்கு மேல் வேண்டாம். துடைத்த கையோடு ஈரம் முழுதாகக் காயும் முன் இரண்டு சொட்டு எண்ணெய் தடவு.

தரையில் எண்ணெய் வழுக்கும். குளித்து முடித்ததும் சீயக்காய்த்தூள் தூவிக் கழுவிவிடு. அம்மாவும் அதே குளியலறைக்குத்தான் வருவார்.

பயறு ஸ்க்ரப்: வாரம் மூன்று நாள்கூடப் போடலாம்

பச்சைப்பயறு அரை கிலோ, பச்சரிசி 100 கிராம், கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, காய்ந்த ஆவாரம்பூ தலா 50 கிராம், வெட்டிவேர் 25 கிராம். கடைசி நான்கும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். சமையல் மஞ்சள் போட்டால் முகமும் துண்டும் மஞ்சளாகிவிடும்.

எல்லாவற்றையும் மொறுமொறுவென்று ஆகும்வரை வெயிலில் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்துக்கொள். மிளகாய் அரைத்த கையோடு உன்னுடையதைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள். முதலில் ஒரு பிடி அரிசி ஓட்டச் சொல். உடம்புக்குக் கொரகொரப்பாக, முகத்துக்குச் சன்னமாகச் சலித்துத் தனித்தனி டப்பாவில் வை. குளிக்கும்போது மோரிலோ தண்ணீரிலோ குழைத்துக்கொள். குழைத்தது மிஞ்சினால் அடுத்த நாளுக்கு வைக்காதே. ஈரம் பட்ட மாவில் பூஞ்சையும் கிருமியும் சீக்கிரம் வளரும்.

முதுகு எட்டவில்லை என்றால் முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய் நார் போதும். ஊறவைத்து மெதுவாகத் தேய்த்து, வெயிலில் தொங்கவிடு. குளியலறை மூலையில் ஈரமாகக் கிடந்த நாரை மறுபடி உடம்பில் வைக்காதே.

யார் தொடக்கூடாது?

• உப்பளத்தில் வேலை செய்பவர்கள். நம் சொந்தக்காரர்களுக்கும் இதைச் சொல். பகலெல்லாம் உப்பு நீரில் நின்று வெடித்த காலுக்கு இன்னும் உப்பு எதற்கு? நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் ஒற்றி, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவினால் அதுதான் அவர்களுக்கு இதம். வெடிப்பு ஆழமாகி ரத்தம் கசிந்தால் டாக்டரிடம் போகட்டும்.

• சர்க்கரை நோயாளிகள் காலில் தேய்க்கவே கூடாது. மரத்துப்போன பாதத்தில் கீறல் விழுந்தாலும் தெரியாது.

• வேர்க்குரு, படை, புண், வெயிலில் கன்றிய தோல், நேற்றுதான் ஷேவ் அல்லது வேக்ஸ் செய்த கால், இவற்றில் எதுவும் வேண்டாம். படையைத் தேய்த்தால் பரவும்.

• முகத்துக்கும் குழந்தைகளுக்கும் உப்பு ஆகாது.

எவற்றைச் சேர்க்கக்கூடாது?

எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் போனால் தோல் கொப்பளித்துக் கறுத்துவிடும். தோலின் இயல்பு லேசான அமிலத்தன்மை. சமையல் சோடா அதற்கு நேர் எதிர். காபித்தூள் சக்கை சாக்கடைக் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

கடை ஸ்க்ரப் வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் லேபிளைப் படி. ‘பாலிஎத்திலீன்’ என்றிருந்தால் அந்த மணிகள் பிளாஸ்டிக். கழுவிவிடும் சாமான்களில் இவற்றைத் தடுக்க அமெரிக்கா 2015-ல் சட்டம் போட்டது. பிரிட்டன் 2018-ல் தடை செய்தது. அவை குளித்த தண்ணீரோடு கடலுக்குப் போய் மீன் வயிற்றில் சேரும். அந்த மீனைத்தான் நாமும் வாங்குகிறோம்.

குளித்த தண்ணீர் எங்கே போகிறது?

ஆரோவில்லில் பல வீடுகளில் குளித்த தண்ணீரைச் செடிக்குத்தான் விடுகிறார்கள். நம் வீட்டிலும் வாழைக்குப் போகிறது. வாழைக்கு உப்பு ஆகாது. கடலோர நிலத்தில் ஏற்கெனவே இருக்கும் உப்பு போதும். உப்பு ஸ்க்ரப் போடும் நாளில் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிடு, இல்லையென்றால் பயறு மாவையே வைத்துக்கொள்.

இந்த ஞாயிறு கால் கப் உப்பில் மட்டும் செய்துபார். முதலில் முன்கையின் உள்பக்கம் கொஞ்சம் தேய்த்து ஒரு நாள் பொறு. சிவப்போ அரிப்போ இல்லையென்றால் மற்ற இடங்களுக்குப் போ. எரிந்தால் உப்பை விட்டுவிட்டு நேரே பயறுக்கு வந்துவிடு.