விரிசல் கடைசி அடியில் விழவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கீல் வந்து சேர்ந்தது. காகிதத்தைப் பிரித்ததும் விரிசலைத்தான் தேடினேன். ஆணியைச் சுற்றி வளையும் நடுக்கணுவின் வெளிவளைவில், தகட்டின் ஓரத்தில் தொடங்கி உள்ளே ஓடியிருக்கிறது. கடைசி அடி பலமாக விழுந்துவிட்டது என்றும், இனி கடையில் வார்ப்புக் கீல் வாங்கிப் பொருத்திவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். வாங்காதே. கடைசி அடியின் மேல் பழி போடவும் போடாதே. அதற்குப் பத்து அடிகளுக்கு முன்பே அந்தத் தகடு உடையத் தயாராகிவிட்டது. அப்போது அது உனக்குச் சொன்னது என்ன என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ செய்துகொண்டிருப்பது பென்சில்வேனியா நீள் ரைஃபிள். 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பேசும் நிலங்களிலிருந்து வந்து லங்காஸ்டர் பக்கம் குடியேறிய துப்பாக்கிக் கொல்லர்கள், தங்கள் ஊரின் குட்டையான, கனத்த யேகர் ரைஃபிளை நீட்டி மெலிவித்து உருவாக்கிய கருவி அது. யேகரின் கட்டையில் ஒரு சிறு பெட்டி குடைந்திருக்கும். அதற்கு நகர்த்தித் திறக்கும் மரமூடி. இங்கே அது நாளடைவில் கீல் வைத்த பித்தளை மூடியாக மாறியது. உள்ளே கொழுப்புத் தடவிய துணித்துண்டுகள் இருக்கும். குழலின் துளையைவிடச் சற்றே சிறிய ஈயக்குண்டை அந்தத் துணியில் பொதிந்து வாய்வழியே இறக்குவார்கள். சுடும்போது துணி குழலின் சுருள்வரிகளைப் பற்றிக்கொண்டு குண்டைச் சுழற்றி அனுப்பும். லங்காஸ்டரில் ஜேக்கப் டிக்கர்ட் போன்றோர் செய்த ரைஃபிள்களில் நாம் வியக்கும் வேலைப்பாடு பெட்டியின் முகத்தில் இருக்கிறது. அந்த முகத்தைத் திறந்து மூடும் கீல், மரத்துக்குள் தலைகீழாகப் புதைந்து கிடக்கிறது. யாரும் பார்க்காத அந்த இடத்தில் உன் கை எப்படி நடந்துகொள்கிறது என்பதே எனக்கு முக்கியம்.

பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. இளகிய தகட்டில் முதல் சில அடிகள் சொன்னபடி கேட்கும். மடித்த இடத்தில் மடிப்பு நிற்கும். அடிக்க அடிக்க அதன் நுண்படிகங்களுக்குள் இருக்கும் அடுக்குகள் நெருக்குண்டு, ஒன்றின்மேல் ஒன்று வழுக்க இடமில்லாமல் இறுகிவிடும். அப்போது சுத்தியல் லேசாகத் துள்ளும். மொத்தென்ற ஓசை கணீரென்று மாறும். மடித்த விளிம்பு மயிரிழை அளவு பின்னுக்கு வரும். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் சுத்தியலைக் கீழே வை. அதற்குப் பிறகு அடிக்கும் ஒவ்வொரு அடியும் விரிசலுக்குக் கொடுக்கும் முன்பணம்.

இளக்குவது எளிது. மடிப்புக்குள் வைத்த கம்பியை உருவிவிட்டு, நிழலான இடத்தில் தகட்டை மங்கிய சிவப்பு தெரியும்வரை காய்ச்சு. வெளிச்சத்தில் காய்ச்சினால் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, அளவு மீறிவிடும். வெண்புகை எழுந்தால் துத்தநாகம் வெளியேறுகிறது என்று பொருள். உடனே விலகி, கதவைத் திற. அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. காய்ச்சியதை நீரில் போடலாம். எஃகை அப்படிச் செய்தால் இறுகும், பித்தளை இறுகாது.

இனி உன் கீலுக்கு வருவோம். 2 மி.மீ. கம்பியைச் சுற்றி 1 மி.மீ. தகடு. தகட்டின் நடுப்பகுதி சுற்றும் விட்டம் 3 மி.மீ. என்று கொண்டால், ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒன்பதரை மி.மீ. வேண்டும். நீ ஏழுதான் விட்டிருக்கிறாய். குறைந்ததை அடித்து நீட்டப் பார்த்திருக்கிறாய். அடுத்து, தகட்டின் மேல் உருளையில் அழுத்தி எடுத்த கோடுகள் மெலிதாகத் தெரிகின்றன. உன் மடிப்பு அந்தக் கோடுகளுக்கு இணையாக ஓடுகிறது. குறுக்காக ஓடியிருக்க வேண்டும். வெட்டிய ஓரத்தில் ரம்பத்தின் பிசிறும் அப்படியே இருக்கிறது. விரிசல் தொடங்கியது அந்தப் பிசிறில்தான். மடிக்குமுன் ஓரத்தை அரத்தால் நீளவாக்கில் தேய்த்து வழவழப்பாக்கு.

முதலில் செங்கோணம் வரை மட்டும் மடி. இளக்கு. எண்ணெய் தடவிய எஃகுக் கம்பியை வைத்து, சின்னச் சுத்தியலால் முக்கால்வாசி சுற்று. மறுபடி இளக்கு. பிறகுதான் வைஸில் வைத்து இறுக்கி மூடு. கணுக்களை வெட்டும்போது கோட்டின் மேல் வெட்டாமல், ஒரு மயிரிழை மிச்சம் வைத்து வெட்டு. ஒரு பக்கத்துக்கு மெழுகுவர்த்திப் புகைக்கரி பூசி, மற்றதைச் செருகிப் பார். கரி ஒட்டிய இடத்தை மட்டும் அரம் தொடட்டும். இரண்டும் சேர்ந்த பிறகே துளையைச் சீவி நேராக்கி, நிலையான ஆணியைச் செலுத்து.

கடைசி இறுக்கத்துக்குப் பிறகு மட்டும் இளக்காதே. இதுவரை நமக்குப் பகையாக இருந்த அந்த இறுக்கம், இனி கணு விரியாமல் ஆணியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய பலம்.

நான் கற்ற காலத்தில் இப்படியொரு விரிசலை ஈயப்பற்று வைத்து மறைத்தேன். தேய்த்து மெருகேற்றியபின் யாருக்கும் தெரியவில்லை. ஓராண்டுக்குள் அந்த ரைஃபிள் திரும்பி வந்தது. மூடி தனியே ஒரு துணிப்பையில் இருந்தது. வாங்கியவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வில்லியம்ஸ்பர்க்கில் துப்பாக்கிக் கொல்லர் வாலஸ் கஸ்லர் ஒரு ரைஃபிளை முழுக்கக் கையால் செய்வதை 1969-இல் படமாக எடுத்தார்கள். கிடைத்தால் பார். இரும்புப் பட்டையைக் குழலாகப் பற்றவைக்கும் இடத்தில் அவர் கைத்திறனை மட்டும் பார்க்காதே. கொஞ்ச நீளம் சேர்ந்ததும் மறுபடி உலைக்குப் போகிறார், மறுபடி, மறுபடி. நெருப்புக்குத் திரும்பிப் போவதை அவர் தோல்வியாக நினைக்கவில்லை. நீயும் நினைக்காதே. வேலையை நிறுத்தி இளக்கும் நேரமும் வேலை நேரம்தான்.

நாளைக்கு மூடியைத் தொடவேண்டாம். இரண்டு விரல் அகலத்தில் துண்டுகள் வெட்டி, வெறும் கீல்களாக மூன்று செய். எந்த அடியில் ஓசை மாறியது என்று ஒவ்வொன்றுக்கும் எண்ணிக் குறித்துவை. நான்காவது கீல் உன் ரைஃபிளுக்கு. அதைச் செய்யும்போது எண்ணத் தேவையிருக்காது, காதே சொல்லிவிடும்.

உடைந்த கீலை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். விரிசலின் தொடக்கத்தில் ஊசியால் ஒரு கீறல் போட்டிருக்கிறேன். ஓரத்தைத் தேய்க்கச் சோம்பல் வரும் நாளில் எடுத்துப் பார்.

அன்புடன்,
உன் அண்ணன்