முதலில் எந்தப் படம்?

கேள்வி: தல்லாகுளத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். சித்திரைத் திருவிழாப் படங்களை இன்ஸ்டாகிராமில் எந்த வரிசையில் போடுவது?

பதில்: மூன்றுமாவடி எதிர்சேவை, தல்லாகுளம் பெருமாள் கோயிலில் ஆண்டாள் மாலை, தங்கக் குதிரையில் வைகை: இந்த வரிசை மதுரைக்கே மனப்பாடம். அதை இரண்டாம் படத்திலிருந்து அப்படியே பின்பற்றுங்கள். முதலிடம் மட்டும், இருப்பதிலேயே சிறந்த படத்துக்கு. என்னைக் கேட்டால், துருத்தியில் தண்ணீர் பீய்ச்சும் பக்தரின் முகம். ஈரமும் வெயிலும் தெரியும் நெருக்கத்தில். ஸ்குரோல் செய்கிற விரல் அங்கேதான் நிற்கும்.

ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே பதிவில் முதல் படத்தின் அளவுதான் மற்றவற்றுக்கும். அது நெடுக்குப் படமானால், அகலமாக எடுத்த கூட்டத்தின் இரு ஓரமும் வெட்டுப்படும். 2024 முதல் இருபது படம் வரை போடலாம். எட்டே போதும், ஒரே கோணத்தில் இரண்டு வேண்டவே வேண்டாம்.