வரப்பில் அளந்த மனித வரலாறு

எங்க ஊர் உழவர் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "குரங்கு மனுஷனா மாறிச்சுன்னா, இப்ப இருக்கிற குரங்கு ஏன் மாறலை?"

"ஐயா, சிம்பன்சி நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி. சுமார் 60, 70 லட்சம் வருஷத்துக்கு முந்தி ஆப்பிரிக்காவில் ஒரே மூதாதையிடமிருந்து பிரிஞ்சோம்" என்றேன்.

எத்தியோப்பியாவில் 1974இல் கிடைத்த 'லூசி'யின் எலும்புகளுக்கு வயது 32 லட்சம் ஆண்டு. மூளை சிறியது; ஆனால் இரண்டு காலில் நடந்தவள். ஆக, நிமிர்ந்த நடை முதலில், பெரிய மூளை பிறகு. நம் மனித இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டு. மொராக்கோவில் கிடைத்த எலும்புகள் அதற்குச் சாட்சி.

அந்த 3 லட்சத்தை 300 அடி வரப்பாக வைத்துக் கயிறு பிடித்தோம். அடிக்கு 1,000 வருஷம். ஏறக்குறைய 288 அடி வரை வேட்டை, கிழங்கு, கனிதான். விவசாயம் கடைசி 12 அடி. காற்றிலிருந்து தழைச்சத்து உரம் செய்யும் ஆலை 1913இல் ஜெர்மனியில் வந்தது. அது கடைசி ஒன்றரை அங்குலம்கூட இல்லை.

பெரியவர் குனிந்து விரலால் அளந்தார். "இத்துனூண்டுக்குள்ளயா என் மண்ணு இப்படி இறுகிப்போச்சு?" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அரை ஏக்கருக்குத் தக்கைப்பூண்டு விதை இருக்கா தம்பி?"